முதல் இரண்டு வரிகள்

காப்பிக்கு நன்றி ஐயா. சீனி கொஞ்சம் தூக்கல்தான், ஆனாலும் குறை சொல்லவில்லை. தட்டச்சு செய்யும் தம்பிக்குக் கை வலிக்காதபடி மெதுவாகவே சொல்கிறேன். அவசரப்பட இதில் ஒன்றுமில்லை.

என் பெயர் ஹஸ்னாவி. வயது ஐம்பத்து நான்கு. தஞ்சோங் பினாங் சிறுபடகுத் துறையில் சீட்டுக் கொடுக்கிறேன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இவை உங்கள் தாளிலேயே இருக்கின்றன. அதில் இல்லாததைச் சொல்கிறேன். 'மாலைப் பந்துன்' என்ற முகநூல் குழுவை ஒன்பது வருடமாக நடத்துகிறவன் நான். நாலாயிரத்து இருநூறு பேர். பேங்க் மேனேஜரும் இருக்கிறார், மீன் வெட்டுகிறவரும் இருக்கிறார். தினமும் நாற்பது ஐம்பது பந்துன் வரும். எல்லாவற்றையும் நான் படித்து அனுமதித்த பிறகுதான் மற்றவர் கண்ணில் படும்.

நம் ஊரில் பந்துன் தெரியாதவர் யார் இருக்கிறார்கள். நாலு வரி மலாய்ப் பாட்டு. முதல் இரண்டும் நிழல், ஏதோ ஒரு காட்சி. பின் இரண்டும் பொருள், சொல்ல வந்தது. எல்லோரும் பொருளைத்தான் படிப்பார்கள். நிழல் ஓசைக்காகப் போட்டது என்று தாண்டிப் போய்விடுவார்கள். எனக்கு அது பிடிக்காது. அதனால் குழுவுக்கு இரண்டு சட்டம் வைத்தேன். ஒன்று, நிழல் வரிகள் எழுதியவர் தன் கண்ணால் பார்த்ததாக இருக்க வேண்டும். இரண்டு, எந்தப் பந்துனும் அந்தி மஃரிப் தொழுகைவரை பதில் இல்லாமல் கிடக்கக் கூடாது. யாரும் பதில் எழுதாவிட்டால் நான் எழுதுவேன். ஒன்பது வருடத்தில் ஒருநாள்கூட இதை நான் தவறவிட்டதில்லை. டெங்குக் காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோதும் எழுதினேன்.

வருவதெல்லாம் எப்படி இருக்கும் என்று நினைக்கிறீர்கள். நிலா, ரோஜா, பிறந்தநாள் வாழ்த்து, மறுபடி நிலா. நிலாவுக்கு வாய் இருந்தால் எங்கள் மேல் புகார் கொடுக்க உங்களிடம்தான் வந்திருக்கும். என் பதில்களும் ஒன்றும் பிரமாதமில்லை. அது எனக்குத் தெரியும். எழுத வராதவன் நான். ஆனால் படிக்கத் தெரிந்தவன்.

மூன்று வருடத்துக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை இது வந்தது. எனக்கு மனப்பாடம்.

நீர்வற்றிச் சேற்றிலே சாய்ந்தது ஓடம்,
நிழல்தேடி நண்டொன்று அதனடி ஒதுங்கும்;
இருகோப்பை எடுத்து வைக்குது கை, பாவம்,
ஒன்றிலே காப்பி குடிக்காமல் உறங்கும்.

அனுப்பியவள் ரோஸ்னிதா. எதிர்க்கரையில் தெலுக் பாக்காவில் அப்பாவோடு சேர்ந்து மீன் அப்பளம் போட்டு விற்கிற பெண். அம்மா செத்து ஒரு மாதம்கூட ஆகவில்லை என்று யாரோ கீழே எழுதியிருந்தார்கள். நான் சீட்டுக் கூண்டுக்குள் உட்கார்ந்து அழுதேன். வெளியே ஒருவன் கண்ணாடியைத் தட்டி, "அண்ணே, சீட்டுக் குடுக்கப் போறீங்களா, இல்ல அழுது முடிச்சப்புறம் வரட்டுமா?" என்றான். இரண்டு ஆளுக்குக் கேட்டவனுக்கு மூன்று ஆளுக்குச் சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டேன்.

அதற்குப் பிறகு அந்தக் கணக்கிலிருந்து வாரம் ஒன்று வந்தது. ஒவ்வொன்றும் நெஞ்சில் உட்கார்ந்துகொண்டது. எழுத்தில் ஒரு ஆளை இவ்வளவு நெருக்கமாக நான் அறிந்ததே இல்லை. அவளை நான் விரும்பினேனா என்று நேற்று உங்கள் ஆள் ஒருவர் கேட்டார். சிரிப்பு வந்தது. அவள் முகம்கூட எனக்கு அப்போது தெரியாது.

பிறகு ஃபஹ்ருல் வந்தான். மீன்வலைக் கடையில் வேலை. அவளோடு நிச்சயம் ஆனது. பந்துனில் சீனி கொட்டத் தொடங்கியது. வானவில், பட்டாம்பூச்சி, அவன் வாங்கிக் கொடுத்த கைபேசி உறை. நல்லது நாலு வாரத்துக்கு ஒன்று வந்தாலே அதிகம். அதே பெண், அதே கை, இப்படி வீணாகிறாளே என்று எனக்கு வயிறு எரிந்தது. இதயக் குறி மட்டும் குறையவில்லை. அந்த ஜனங்களுக்கு எதைக் கொடுத்தாலும் சரிதான்.

சந்தோஷம் அவளைக் கெடுத்தது. அதை எடுத்துவிட்டால் சரியாகிவிடும் என்று எனக்குப் பட்டது. காய்ச்சல்காரனிடமிருந்து ஐஸ்கட்டியைப் பிடுங்குவது மாதிரிதான்.

ஃபஹ்ருலின் அம்மாவுக்கு ஒரு கடிதம் போட்டேன். பெயர் போடவில்லை. பொய்யும் எழுதவில்லை. செவ்வாய்தோறும் ஐஸ் வியாபாரியின் படகில் அவள் தனியாகப் போகிறாள், திரும்பும்போது தலைமுக்காடு நனைந்திருக்கிறது, அவ்வளவுதான். இரண்டும் அவளே நிழல் வரிகளில் எழுதியவை. நாலாயிரம் பேர் தாண்டிப் போன வரிகள். நான் எடுத்து வரிசையாக வைத்தேன், வேறொன்றும் செய்யவில்லை. பதினெட்டு நாளில் நிச்சயம் முறிந்தது.

அந்த மூன்று மாதம் குழுவுக்கே பொற்காலம். பதினொரு பந்துன். அதில் ஒன்றைக் கேளுங்கள்.

மூன்றாம் காலிலே கட்டினேன் தோணியை,
அடிப்பலகை ஓட்டையை நாரால் அடைத்தேன்;
தாழிட்ட அறைக்குள்ளே கேட்டேன் விம்மலை,
தட்டப்போன கையைச் சட்டென மடித்தேன்.

உள்ளே அழுகிறவர் அவளுடைய அப்பா, வெளியே நிற்பவள் அவள் என்று வாசித்தேன். மகளுக்கு நேர்ந்ததை நினைத்துத் தகப்பன் ஒளிந்து அழுகிறார். அப்பாவுக்காகத் தோணியைத் துறைக்காலில் கட்டி ஓட்டை அடைப்பதும் இவள்தான் போல. எவ்வளவு பெரிய மனசு என்று நினைத்தேன்.

அந்த வருடம் குழுவின் ஆண்டுவிழாவில்தான் அவளையும் அப்பாவையும் நேரில் பார்த்தேன். துறைக்குப் பக்கத்துக் காப்பிக் கடையில் முப்பது பேர் கூடினோம். லக்சா விற்கும் யாத்தி அக்கா அவளைக் கட்டிக்கொண்டு, "உன் பந்துனப் படிச்சுட்டு குழம்புல உப்புப் போட மறந்துட்டேன் போ. கண்ணீர் விழுந்ததுல அதுவே சரியாப் போச்சு" என்றார்.

"அக்கா, அதெல்லாம் வந்து... நான்..." என்று ரோஸ்னிதா இழுத்தாள். அப்பாவைப் பார்த்தாள்.

"அவளுக்குக் கூச்சம். புகழ்ந்தா எந்திரிச்சு ஓடிருவா. விடுங்க" என்றார் அப்பா. பாக் தர்மிஜி. அறுபத்தெட்டு வயது, டீசல் வாடை, விரல் முழுக்க வலைக் கயிறு அறுத்த தழும்பு. கடற்சங்கைக் குத்தியெடுத்துத் தின்றபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "தம்பிதான் ஹஸ்னாவியா? எல்லாத்தையும் ரெண்டு தடவ படிப்பீங்களாமே."

"மூணு தடவை" என்றேன்.

"அடேயப்பா. ஒரு கிழவன் மீன் வாடையோட வந்து நாலு வரி எழுதுனா, அதையும் மூணு தடவ படிப்பீங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். "முதல்ல எழுதிக் காட்டுங்க மாமா, அப்புறம் பார்ப்போம்" என்றேன். அவர்தான் எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தார். மகள் சிரிக்கவில்லை. அதை அப்போது நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

போன ரம்ஜானுக்குப் பிறகு ஃபஹ்ருல் அம்மாவின் காலில் விழுந்து சம்மதம் வாங்கிவிட்டான். கல்யாணத் தேதி குறித்தார்கள். மறுபடி வானவில். அவள் மணப்பந்தலுக்கு மஞ்சள் துணி வாங்கியதைப் பற்றி மட்டும் மூன்று பந்துன். ஒவ்வொன்றுக்கும் நான் பதில் எழுதினேன், வாழ்த்துச் சொன்னேன். விரல் கூசியது. கல்யாணம் ஆகிவிட்டால் அவளிடமிருந்து இனி என்ன வரும், குழந்தைக்குப் பல் முளைத்த பந்துன். அவள் மறுபடி எழுத வேண்டுமென்றால் எதை இழக்க வேண்டும் என்று யோசித்தேன். அம்மா இல்லை. ஃபஹ்ருலை இழந்து பார்த்தாயிற்று, திரும்பி வந்துவிட்டான். திரும்பி வராத ஒருவர்தான் மிச்சம்.

பாக் தர்மிஜி மேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது. இதைக் கட்டாயம் எழுதிக்கொள்ளுங்கள்.

வேண்டியதெல்லாம் நிழல் வரிகளில் இருந்தது. தோணி எந்தத் துறைக்காலில் கட்டியிருக்கும், ஓட்டை எங்கே, வியாழன் விடியலில் சந்தைக்குக் கிளம்புவது, அவருக்கு இடது முழங்கால் மடங்காதது. புதன்கிழமை அரை நாள் விடுப்பு எடுத்து அக்கரைக்குப் போனேன். பிற்பகல் அஸர் தொழுகை நேரம், ஆண்கள் பள்ளிவாசலில். நீர் வற்றி, தோணி சேற்றில் சாய்ந்திருந்தது. நண்டு இருக்கிறதா என்று பார்த்தேன், இருந்தது. ஓட்டையில் இருந்ததை உருவிக் கால்வாயில் போட்டேன். அந்த இடத்தில் வேறொன்றை வைத்தேன், பாதிக் கடல்வரை தாங்கக் கூடியது. அது என்ன என்பது உங்கள் அறிக்கையில் இருக்கிறது. ஐந்து மணிப் படகில் திரும்பி, அன்றைய பந்துன்களுக்கெல்லாம் பதில் எழுதி முடித்தேன்.

வெள்ளிக்கிழமை அவரைக் கரையில் கண்டெடுத்தார்கள். அடக்கத்துக்குப் போனேன், துவா ஓதினேன். ரோஸ்னிதாவைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது. தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். யாத்தி அக்கா, "அழுதுரும்மா, உள்ள வச்சுக்காத" என்று அவள் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார். நான் மனசுக்குள், எழுதிவிடு, எழுதிவிடு என்று சொல்லிக்கொண்டேன்.

ஒன்பது நாள் ஒன்றும் வரவில்லை. பத்தாம் நாள் வந்தது, பின்பாதி மட்டும். "எனக்குக் கண்ணுல எதுவுமே படலை. பொருள் மட்டும்தான் இருக்கு. நிழல் ரெண்டு வரியை நீங்க யாராச்சும் எழுதுங்க" என்று குறிப்பு.

அப்பா இல்லாத வீட்டிலே கிடந்தேன்,
ஆறுதல் சொல்லவும் யாருமே இல்லை.

சுமார்தான் ஐயா. ஒளிக்காமல் சொல்கிறேன், மிகச் சுமார். அதிர்ச்சி இன்னும் ஆறவில்லை, பழுக்க நாளாகும் என்று தேற்றிக்கொண்டேன். அறுபது பேர் நிலவையும் ரோஜாவையும் கொண்டுவந்து கொட்டினார்கள். எனக்குத் தாங்கவில்லை. அவள் அப்பாவுக்கு இதுவா. கண்ணால் பார்த்ததைத்தான் எழுத வேண்டும், சட்டம் என்னுடையது. எழுதினேன்.

மஞ்சள் துணித்துண்டு மிதக்கவே பார்த்தேன்,
மறுகரை காணாத அலைக்கேது எல்லை.

ஒன்பது வருடத்தில் நான் எழுதிய ஒரே நல்ல நிழல் அது. மறுநாள் காலை சீட்டுக் கூண்டுக்கு நீங்கள் வந்தீர்கள்.

தேங்காய் நாரைத்தான் நாலாயிரம் பேரும் படித்திருந்தார்கள். செவ்வாய் ராத்திரி அவர் நாரை எடுத்துவிட்டுப் பந்தலுக்கு வாங்கியதில் மிஞ்சிய மஞ்சள் துணியை அடைத்தார் என்பது மகளுக்கு மட்டும் தெரியும், உருவி எடுத்தவனுக்கும் தெரியும். கரைக்கு வந்த தோணியில் நாரும் இல்லை, துணியும் இல்லை என்று பார்த்து அவள் உங்களிடம் வந்திருக்கிறாள். பழைய கடிதத்தை ஃபஹ்ருல் பத்திரமாக வைத்திருந்தானாம். இரண்டு பேரும் உட்கார்ந்து அதை அவள் பழைய நிழல் வரிகளோடு ஒப்பிட்டார்களாம். பின்பாதியை மட்டும் குழுவில் போட்டது அதற்குப் பிறகுதானாம். குழுவில் நிழலைப் படிக்கிறவன் நான் ஒருவன்தான் என்று இருந்தேன். அவளும் படிக்கக் கற்றுக்கொண்டாள். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமை என்றுகூடச் சொல்வேன்.

இவ்வளவுதான். கையெழுத்துப் போடத் தயாராக இருக்கிறேன்.

ஆனால் சற்று முன் நீங்கள் மேசைமேல் வைத்தீர்களே இந்த நோட்டு, இதைப் பற்றி நீங்கள் சொல்வதை நான் ஏற்க முடியாது. ஜாவி எழுத்தில் இருக்கிறது. அந்தக் காலத்து ஆட்கள் மலாயை அரபு எழுத்தில் எழுதுவது. ரோஸ்னிதா வயதுக்காரர்களுக்கு ஜாவி எழுத வராது, ஒப்புக்கொள்கிறேன். இரு கோப்பை இதில் இருக்கிறது. தாழிட்ட அறை இருக்கிறது. அடித்து அடித்துத் திருத்தி, ஓரத்தில் தேதி போட்டு. பெண்டாட்டியை நினைத்து இந்த வயதில் கிழவன் புலம்புகிறான் என்று ஊர் சிரிக்கும் என்று பாக் தர்மிஜிதான் மகள் பெயரில் போடச் சொன்னாராம். வானவில் மட்டும்தான் அவளுடையதாம்.

நான் மூன்று தடவை படிக்கிறவன் ஐயா. எனக்குத் தெரியாமல் போகுமா? மகள் சொல்லச் சொல்ல அவர் நகல் எடுத்து வைத்திருப்பார். அப்படித்தான் இருக்கும்.

கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் காட்டினீர்கள். செவ்வாய் தேதி. இது குழுவில் வரவில்லை.

மணப்பந்தல் மஞ்சளில் மிஞ்சிய துணி,
மரத்தோணி ஓட்டையில் அடைத்து வைத்தேன்;
மறுமொழி தருபவர் முகம்காண இனி,
மறைந்திருந்த கிழவன்நான் வர நினைத்தேன்.

தோணியில் அப்பளக் கூடைகளோடு என் பெயர் எழுதிய ஒரு பொட்டலமும் இருந்தது என்கிறீர்கள். நனைந்து போயிருந்தாலும் பெயர் தெரிந்ததாம்.

எனக்குத் தண்ணீர் வேண்டாம். ஒரு தாளும் பேனாவும் மட்டும் கொடுங்கள் ஐயா. இந்தப் பந்துனுக்கு இன்னும் யாரும் பதில் எழுதவில்லை, மஃரிபுக்கு இருபது நிமிஷம் இருக்கிறது.