மூன்று இருந்த இடத்தில் இரண்டு

எனக்குப் பெயின்ட் அடிக்க நன்றாக வரும். கோடு கோணாது, எண் பிசிறாது. அதனால்தான் பாலத்துத் தூணில் இருக்கும் நீர்மட்ட அளவுப் பலகைக்கு மழைக்கு முன்னால் வண்ணம் பூசும் வேலையை எங்கள் ஆற்றுச் சீரமைப்பு அலுவலகத்தில் வேறு யாரிடமும் விட்டதில்லை. பாசியைத் துடைத்து, வெள்ளை அடித்து, மீட்டர் எண்களைக் கறுப்பில் எழுத வேண்டும். அரை நாள் வேலை.

ஆற்றைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் உங்களுக்குப் புரியும், ஐயா. ஒரு காலத்தில் பாலத்தைத் தாண்டி அது பெரிதாக வளைந்து போனது. யாரோ ஒரு புத்திசாலி அந்த வளைவை அடைத்து, மண்கரை போட்டு, ஆற்றைச் சாக்கடை மாதிரி நேராக்கிவிட்டார். அடைத்த பள்ளத்தில் ஒன்பது வீடுகள் வந்தன. மீன் முட்டையிட இடமில்லை. நாணல் போயிற்று, நீர்நாய் போயிற்று. வளைவை ஆற்றுக்கே திருப்பிக் கொடுக்கும் திட்டத்துக்காகப் பதினொரு வருடம் உழைத்தேன். ஒன்பது குடும்பத்துக்கும் மேட்டில் வீடு கட்டித் தருவதாகச் சொன்னோம்.

அவர்கள் அசையவில்லை. குரங்குப்பிடியாக நின்றவர் ஒரு கொத்தனார். மற்றவர்கள் அவர் பின்னால் நின்றார்கள். அவர் என் தங்கையின் கணவர்.

"ஆத்துக்கு வழி விடுங்கன்னு சொல்றீங்களே மச்சான், எங்களுக்கு எவன் வழி விட்டான்?" என்று கூட்டத்தில் கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நல்ல மனிதர், குறை சொல்ல மாட்டேன்.

அந்த மழைக்காலத்தோடு திட்டத்தைக் கைவிடுவதாக மேலிடம் எழுதிவிட்டது. உட்கார்ந்து யோசித்தேன். வருடா வருடம் ஆறு தானாகவே வளைவுக்குள் நுழையப் பார்க்கிறது. தடுப்பவை மணல்மூட்டைகள்தான். பலகையில் தண்ணீர் இரண்டரையைத் தொட்டதும் கொத்தனார் விசில் ஊதுவார். ஒன்பது வீட்டாரும் ஓடி வந்து கரைமேல் மூட்டை அடுக்குவார்கள். மூன்றைத் தொட்டால் வீடுகளைக் காலி செய்துவிட்டு மேட்டுக்குப் போய்விடுவார்கள். வேறு யார் பேச்சும் அவர்களுக்கு வேண்டாம். பலகை சொன்னால் சரி.

அந்த வருடம் எண்களை ஒரு மீட்டர் மேலே தள்ளி எழுதினேன். மூன்று இருந்த இடத்தில் இரண்டு. கோடையில் தண்ணீர் பலகையின் அடிக்கே வராது என்பதால் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

விடாமல் பெய்த நான்காம் நாள், காலை பதினொரு மணிக்குத் தங்கை போன் செய்தாள்.

"அண்ணா, ஆத்துச் சத்தம் ஒரு மாதிரி இருக்கு. தையல் மெஷினைத் தூக்கி மேல வச்சுட்டு நாங்க கிளம்பிடட்டுமா? இவரு, பலகையில ரெண்டுதான் இருக்கு, பேசாம இருங்கறாரு."

"ரெண்டுதாம்மா காட்டுது," என்றேன்.

"அப்பச் சரிண்ணா. நீ சாப்பிட்டியா?"

சாப்பிட்டேன் என்றேன். நான் பொய் சொல்லவில்லை என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். பலகை இரண்டைத்தான் காட்டியது.

பன்னிரண்டே காலுக்குக் கரை உடைந்தது. பகல்தானே, விழித்திருப்பார்கள், ஓடிவிடுவார்கள் என்று நினைத்திருந்தேன். ஐந்து பேரால் ஓட முடியவில்லை. கொத்தனார் விசில் ஊதிக்கொண்டே கதவு கதவாகத் தட்டினாராம். தங்கையை மூன்றாம் நாள்தான் எடுத்தார்கள். கொள்ளி வைக்கும்போது மாப்பிள்ளையைத் தாங்கிப் பிடித்தது நான்தான்.

ஆறு மாதம் கழித்து, தண்ணீர் இறங்கிய பிறகு, அவரே தன் கொத்துக்கரண்டியை எடுத்துப் போய்ப் பலகையைச் சுரண்டியிருக்கிறார். என் இரண்டுக்கு அடியில் பழைய மூன்று இருந்தது. அதைத்தான் உங்களிடம் காட்டியிருக்கிறார். ஆமாம், நான்தான் எழுதினேன். தெரிந்தே எழுதினேன்.

நேரம் இருந்தால் வளைவுப் பக்கம் ஒருமுறை போய்ப் பாருங்கள். தண்ணீர் சுழித்து அடங்கி நிற்கிறது. நாணல் ஆள் உயரம் வளர்ந்திருக்கிறது. தங்கையின் சமையலறை இருந்த இடத்தில் நீர்நாய் குட்டி போட்டிருக்கிறது.

மேலிடத்துக்கு முழு அறிக்கையும் அனுப்பிவிட்டேன். 'இப்பணியில் உயிர்ச்சேதம் ஏதுமில்லை' என்று முடித்திருக்கிறேன். அதை ஒப்புக்கு எழுதவில்லை, ஐயா. மூன்று வாரம் கரையிலேயே உட்கார்ந்து, தவளை, ஆமை, மீன்குஞ்சு என்று ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்துத்தான் எழுதினேன்.