மட்டி ஊறிய பேசின்

தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறிய இரண்டு பெண்களில் இளையவர், உட்கார்ந்ததும் சொன்னார்:

“என் வீட்டுக்காரருக்கு ஒண்ணும் ஆகாதுக்கா. பேசின்தான் அழுக்கு.”

“என்னடி சொல்ற? ஆஸ்பத்திரிக்குக் கிளம்புறோம்னு காலைல போன்ல அழுதியே!”

“வடக்கே கடல்ல எண்ணெய் கொட்டினதுல இருந்து எனக்குப் பயம். மட்டிச் சிப்பி வாங்கினா, மண்ணு கக்க உப்புத் தண்ணில போடும்போதே எண்ணெய் மிதக்குதான்னு பார்ப்பேன். பேசின் சின்னது, பாதிதான் போட்டேன். மீதிய அவரு மண்ணோடவே வறுத்துத் தின்னுட்டாரு. அப்புறம் பார்த்தா, ஊறுற தண்ணில வானவில் மாதிரி எண்ணெய்!”

“ஐயய்யோ!”

“கிளம்பும்போது ஒரு சந்தேகம். சிப்பிய எடுத்து, அந்தத் தண்ணியக் கொட்டிட்டு, பேசின்ல வெறும் தண்ணி ஊத்தினேன். அப்பவும் மிதக்குது. கேட்டா, நேத்து அதுலதான் பைக் செயின் கழுவினாராம்.”

மூத்தவர் நெஞ்சில் கை வைத்துச் சிரித்தார்.

“அப்போ அவரு தின்னது நல்ல மட்டிதான்.”

“நல்ல மட்டிதான். என் பங்குதான் குப்பைக்குப் போச்சு. கடல்ல எண்ணெய்கிட்ட தப்பிச்சு வந்தது, எங்க வூட்ல மாட்டிக்கிச்சுக்கா.”