நாரைகளை எழுப்பிய ட்ரோன்

என் பெயர், கணவர் பெயர், முகவரி எல்லாம் முதல் பக்கத்தில் எழுதியாகிவிட்டது. வயது முப்பத்தெட்டு. ஏரித் தீவில் கூடு கட்டும் நாரைகளை ட்ரோனில் படம்பிடித்து வனத்துறைக்குக் கணக்குக் கொடுப்பது என் தொழில். புகார் கொடுத்திருப்பவர் என் கொழுந்தன், கல்யாண வீடியோ எடுப்பவர்.

நான் பறக்கவிடும் முறையை இன்ஸ்பெக்டர் ஐயா கேட்டீர்கள். தூரத்துக் கரையிலிருந்து மேலே ஏற்றி, பக்கவாட்டில் மெதுவாகக் கொண்டுபோவேன். தலைக்கு மேலிருந்து இறக்கவே மாட்டேன். இறக்கினால் பருந்து என்று மிரண்டுவிடும். ஒரு நாரை கழுத்தை நிமிர்த்தினாலும் அங்கேயே நிறுத்தித் திருப்பிவிடுவேன். இந்தப் பருவம் முழுக்க அப்படிப் பழக்கியதில், ட்ரோன் சத்தத்துக்கு அவை திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

சம்பவத்தன்று காலை கொழுந்தன் தன் ட்ரோனோடு கரைக்கு வந்தார். ஏதோ விடுதி விளம்பரத்துக்குப் பறவைகள் மொத்தமாகக் கிளம்பும் காட்சி வேண்டுமாம். கூட்டில் குஞ்சு இருக்கிறது, கிட்டே போகாதே என்று படித்துப் படித்துச் சொன்னேன். காதில் வாங்கவில்லை. அதன் பிறகு எவ்வளவு கிட்டே கொண்டுபோயும் ஒன்றுகூட அசையவில்லை. "என்ன அண்ணி, உங்க நாரைங்க நம்மள மதிக்கவே மாட்டேங்குதே" என்று சிரித்தார். அதன் பிறகு மேலே ஏற்றி, நேராகக் கூடுகளின் மேல் இறக்கினார். அத்தனை நாரைகளும் ஒரே நேரத்தில் அடித்துப் பிடித்துக்கொண்டு எழுந்ததில் கூடுகள் குலுங்கி, இறகு முளைக்காத குஞ்சுகள் தண்ணீரில் விழுந்தன. நான் படகில் போய்ச் சேருவதற்குள் மிதந்துகொண்டிருந்தன. ஒன்றைக் கையில் எடுத்தேன். சூடு இருந்தது, உயிர் இல்லை.

அதன் பிறகு கரைக்குத் திரும்பினேன். அந்த மனுஷன் எடுத்ததைப் போனில் போட்டு ரசித்துக்கொண்டிருந்தார். "குஞ்சு விழுறத வெட்டிரலாம் அண்ணி, ஒண்ணும் தெரியாது" என்றார். அதன் பிறகு, கரையில் இறக்கி வைத்திருந்த அவருடைய ட்ரோனைத் துடுப்பால் அடித்து உடைத்தேன்.

ஆத்திரத்தில் என்னை மறந்து செய்ததாகச் சொன்னால் லேசாக முடிந்துவிடும், இல்லாவிட்டால் பறக்கவிடும் உரிமமே போய்விடும் என்று இதை எழுதுகிற ஏட்டு என் நன்மைக்காகச் சொல்கிறார். அப்படி எழுத வேண்டாம். அடித்தால் தீப்பிடிக்கும் என்று முதலில் பேட்டரியைக் கழற்றி ஓரமாக வைத்தேன். மெமரி கார்டை எடுத்துப் பத்திரப்படுத்தினேன். அதற்குப் பிறகுதான் அடித்தேன். முழு நினைவோடுதான் செய்தேன். உரிமம் போனால் போகட்டும். அந்தக் கார்டு உங்கள் மேஜைமேல் இருக்கிறது. அதில் குஞ்சுகள் விழுவதை யாரும் இன்னும் வெட்டவில்லை.

எழுதியதை வாசித்துக் காட்டினார்கள். நான் சொன்னதில் எதையும் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை.

(ஒப்பம்)