தீனி கேட்காத சிப்பிகள்

மரக்காணத்தில் பஸ் ஏறிய இரண்டு பெண்கள் எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்தார்கள். இளையவள் சொன்னாள்:

“நான் வளக்குறதுங்க சோறே கேக்காதுக்கா.”

“அப்படி என்னடி வளக்குற?”

“சிப்பி. கயித்துல கட்டி கழிவெளி ஏரித் தண்ணியில தொங்க விட்டிருக்கேன். தண்ணியில இருக்கறதையே தின்னுக்குது. தீனி, மருந்து எதுவும் வாணாம்.”

“எறாக் குட்டை வெச்சிருந்தியே, அது?”

“நோய் வந்து மொத்தமா செத்துடுச்சு. இதுவும் போச்சுன்னா உப்பளத்துக்கு கூலிக்குத்தான் போவணும்.”

“வூட்டுக்காரரு ஒத்துக்கினாரா?”

“சிரிச்சாரு. நேத்து கயித்தத் தூக்கப் போனாரு, அவ்ளோ சிப்பி. தனியா தூக்க முடியல. என்னைக் கூப்ட்டாரு.”

“போனியா?”

“போவாம? ஆனா சிரிச்சது தப்புன்னு மொதல்ல சொல்ல வெச்சேன். அப்புறந்தான் தண்ணியிலயே எறங்குனேன்.”