நீல வட்டம் போட்ட இடம்

பெயர் பார்வதி, வயது 48, கணவர் பெயர் மாடசாமி. ஓசூர் சிப்காட் அருகே வாடகை வீட்டில் குடியிருக்கிறேன். சொந்த ஊர் கோவில்பட்டி. வேதியியலில் முதுகலைப் பட்டம் பெற்று, தனியார் தொழிற்சாலை ஒன்றில் கழிவுநீரைப் பரிசோதிக்கும் வேலை பார்க்கிறேன். தண்ணீர் இல்லை என்று கண்ட பிறகும் என் கணவர் ஏன் திரும்பவில்லை என்று ஆய்வாளர் முதலில் கேட்டார். தெரிந்ததை மட்டும் சொல்கிறேன்.

என் கணவர் வேறொரு தொழிற்சாலையில் டூல் ரூம் சூப்பர்வைசர். 2007 ஏப்ரலில், உடன் வேலை பார்க்கும் ஜெகதீஷுடன் அஞ்செட்டிக்கு அப்பாலுள்ள காட்டுமலையில் பாதையில்லாத வழியாக ஏறி, மலைமுதுகிலேயே நடந்து, புறப்பட்ட இடத்துக்கே சுற்றி வந்து சேரத் திட்டமிட்டார். இரண்டு இரவு காட்டில் தங்குவதாக இருந்தது. வனத்துறையிடம் அனுமதி வாங்கவில்லை. அவர்கள் தொழிற்சாலை வாட்ச்மேன் திம்மராயன் அந்த மலையடிவாரத்துக்காரர், அங்கே மாடு மேய்த்தவர் என்பதால் அவரை வீட்டுக்கு அழைத்து, சாப்பாட்டு மேசையில் வரைபடத்தை விரித்து வழி கேட்டார்கள். திம்மராயன் வீட்டில் பேசுவது தெலுங்கு, எங்களிடம் தமிழ். அவர் வரைபடத்தைப் பார்க்காமல், தட்டையும் டம்ளரையும் நகர்த்தி வைத்து வழி சொன்னார். "ரெண்டாவது ஏத்தம் ஏறுனா குட்ட வரும் சார். அங்க கொஞ்சம் எளப்பாறிக்கினு அப்புறம் போலாம்" என்றார். என் கணவர் அந்த இடத்தில் நீலப் பென்சிலால் வட்டம் போட்டார். அதன் பிறகு ஷிப்ட்டுக்கு நேரமாகி திம்மராயன் போய்விட்டார்.

ஜெகதீஷ் ஆளுக்கு எட்டு லிட்டர் தண்ணீர் சுமக்கலாம் என்றதற்கு, குட்டை இருக்கும்போது அவ்வளவு எதற்கு என்று என் கணவர் பாதியாகக் குறைத்தார். சித்திரை வெயிலில் மலைமுதுகில் குட்டை எப்படி வற்றாமல் நிற்கும் என்று நான் கேட்டேன். "நீ லேப்ல தண்ணி பாக்குறவ. மலையில நான் பாத்துக்கிடுதேன்" என்றார். ஜெகதீஷ் சிரித்தார். நான் எழுந்து பாத்திரம் கழுவப் போனேன்.

சனிக்கிழமை காலையில் புறப்பட்டார்கள். பிறகு நடந்தது ஜெகதீஷ் சொல்லித் தெரியும். ஞாயிறு மதியம் தண்ணீர் தீர்ந்துவிட்டது. இரண்டாவது ஏற்றத்தின் நடுவில் ஜெகதீஷுக்குக் கால் பிடித்துக்கொண்டதால், என் கணவர் அவரை ஒரு பாறை நிழலில் உட்காரவைத்து, குட்டையில் தண்ணீர் மொண்டு வருவதாகச் சொல்லிக் காலி பாட்டில்களை வாங்கிக்கொண்டு மேலே ஏறினார். திரும்பி வரவில்லை. வெயில் தாழும்வரை ஜெகதீஷ் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, வந்த வழியே இறங்கி, திங்கள் காலையில் ரோட்டுக்கு வந்து தகவல் சொன்னார். அதன் பிறகு போலீசாரும் வனத்துறையினரும் தேடினார்கள். மலைமேல் குட்டை எதுவும் கிடையாது என்றும், அடிவாரத்துக் குட்டைகளில் ஒன்றைத் தேடித்தான் அவர் இறங்கியிருக்க வேண்டும் என்றும் வனக்காவலர் சொன்னதால், இரண்டு நாளும் அடிவாரத்திலேயே தேடினார்கள்.

செவ்வாய் மாலை, வெளியூர் போயிருந்த திம்மராயன் காவல் நிலையத்துக்கு வந்தார். எந்தக் குட்டையைத் தேடுகிறீர்கள் என்று கேட்டார். அங்கே இருந்த நான், ஜெகதீஷ் திருப்பிக் கொண்டுவந்த வரைபடத்தில் நீல வட்டத்தைக் காட்டினேன். "தண்ணி நிக்கிற குட்ட இல்ல மேடம். எங்க ஊட்ல தெலுங்குல கரட்ட, சின்னப் பாறைக் குன்றத்தான் குட்டன்னுவோம்" என்றார். இருட்டிவிட்டதால் காலையில் போகலாம் என்று ஆய்வாளர் சொன்னார்.

சந்தேகப்படுவது என் தொழில். ஆனால் ஜெகதீஷ் மீதோ திம்மராயன் மீதோ எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை.

மறுநாள் புதன்கிழமை வனக்காவலர்கள் அந்தக் கரட்டுக்குப் போனார்கள். என் கணவர் கரட்டைத் தாண்டி, மறுபக்கச் சரிவில் வெகுதூரம் கீழே இறந்து கிடந்தார். உடலைக் கொண்டுவந்ததும் நான் அடையாளம் காட்டினேன். காலி பாட்டில்கள் இடுப்பில் கட்டியபடி இருந்தன. மூடிகளையெல்லாம் கழற்றிச் சட்டைப் பையில் வைத்திருந்தார்.

மேலே எழுதியதைப் படித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது. எல்லாம் உண்மை.

(ஒப்பம்) பார்வதி