பதினொரு நாள் தண்ணீர்

ஓடுகிறோம். காலை ஒன்பது பத்து. முதலில் ஒரு சீழ்க்கை. அடுத்த நொடி மண் எழும்புகிறது. என் காது அடைத்துவிட்டது. மரியதாசன் சட்டையைப் பிடித்துக் கீழே இழுக்கிறான்.

“குனி லே! தலையத் தூக்காத!”

வறண்ட ஆற்றுப் பள்ளம். பின்னால் மலைமேல், நாங்கள் வேலை பார்த்த ஊர். முன்னால், அதை வளைத்து நிற்கும் படை. நடுவில் நாங்கள் நாற்பத்தொரு பேர். பெண்கள், பிள்ளைகள், வயதானவர்கள், வெளிநாட்டு வேலைக்காரர்கள்.

நான் தக்கலைக்காரன். மரியதாசன் கடியப்பட்டணம். அந்த ஊரின் தண்ணீர் நிலையத்தில் நான் பம்ப் ஆபரேட்டர், அவன் குழாய் பிட்டர். ஆறு வருடம் ஒரே அறை. நாட்டின் பெயரைச் சொல்ல மாட்டேன். எனக்குத் தெரிந்தவர்கள் இன்னும் அங்கே இருக்கிறார்கள்.

அயல்நாட்டுப் படை பள்ளத்தாக்குகளை ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டு வந்தது. ஒன்றோடொன்று பேசாத குலங்கள் தனித்தனியாகத் தோற்றன. அவர்களை ஒன்று சேர்த்தவர் ஒரு குலத்தலைவர். முப்பத்தைந்து வயது இருக்கும். ஷேக் என்றுதான் கூப்பிட்டார்கள். படைக்குக் கிடைக்கக் கூடாதென்று தன் கோதுமை வயலுக்குத் தானே தீ வைத்தார். இரண்டு முறை படையை விரட்டினார். மூன்றாம் முறை முடியவில்லை. மலையூருக்குள் ஒதுங்கினார். படை புல்டோசர் வைத்துச் சுற்றிலும் மண்சுவர் எழுப்பியது.

முற்றுகையின் இருபதாம் நாள். மதியத் தொழுகை முடிந்து அவரே பம்ப் அறைக்கு வந்தார். செருப்பை வெளியே கழற்றினார்.

“எத்தனை நாளுக்குத் தண்ணீர் இருக்கிறது?” அரபியில் கேட்டார்.

“எல்லோரும் குடித்தால் பதினொரு நாள்.”

“சண்டை போடுகிறவர்கள் மட்டும் குடித்தால்?”

கேள்வி எங்கே போகிறது என்று எனக்கு உறைக்கவில்லை. கணக்குப் போட்டேன். “ஒரு மாதம்.”

மறுநாள் காலை, சண்டை போடாதவர்களில் முதல் கூட்டமாக எங்களை வெளியே அனுப்பினார்கள். நிராயுதபாணிகளுக்குப் படை வழிவிடும் என்று ஷேக் நம்பினார். அவருடைய தாயும் எங்களோடு வந்தார். படை வழிவிடவில்லை. ஒலிபெருக்கியில் ஒரே சத்தம். திரும்பிப் போ. திரும்பினோம். ஊர்க்கதவு திறக்கவில்லை. ஒன்பது பத்துக்கு முதல் குண்டு.

நான்கு நாள் பள்ளத்தில் கிடந்தோம். ஆளில்லா விமானம் தலைக்கு மேல் வண்டுபோல இரைந்தது. பத்து நிமிடத்துக்கு ஒரு குண்டு. இரண்டாம் நாள் பிள்ளைகள் அழுதார்கள். மூன்றாம் நாள் அழவில்லை. அன்றுதான் ஷேக்கிடம் நான் சொன்ன பதிலை மரியதாசனிடம் சொன்னேன்.

“நீ உள்ளதத்தான மக்கா சொன்ன” என்றான்.

நான்காம் நாள், மாலை நான்கு மணி. பள்ளத்தின் வளைவில் ஈரமண் தெரிவதை மரியதாசன் கண்டான்.

“பேடிக்காத. வெள்ளம் உண்டான்னு பாத்திட்டு வாரேன்.” எங்கள் பக்கத்துப் பேச்சில் வெள்ளம் என்றால் தண்ணீர்.

“போகாத லே! அங்க மறைப்பு இல்ல!”

போனான். முழங்கை ஆழம் தோண்டினான். படைப் பக்கமிருந்து ஒற்றை வெடி. சுள்ளி ஒடிகிற சத்தம். உட்கார்ந்தான். பிறகு சாய்ந்தான். அந்தக் குழியில் தண்ணீர் ஊறியது. இருட்டியபின் ஊர்ந்துபோய் எல்லோரும் குடித்தோம். நானும் குடித்தேன்.

மறுநாள் காலை ஏழு மணி. ஊர்க்கதவு திறக்கிறது. ஷேக் தனியாக இறங்கி வருகிறார். வெள்ளை அங்கி. தோளில் துப்பாக்கி. எங்களைக் கடக்கும்போது கண்ணால் தாயைத் தேடினார். அந்த அம்மா முந்தின நாள் மதியமே கண்ணை மூடிவிட்டார். நான் கையால் காட்டினேன். நின்றார். பிறகு நடந்தார். படைத்தலைவன் முன்னால் துப்பாக்கியைக் கீழே வைத்தார். விலங்கு போட்டு லாரியில் ஏற்றினார்கள். அதற்குப் பிறகுதான் எங்களுக்கு வழி கிடைத்தது. அவர் ஒரு நாள் முன்னால் வந்திருக்கலாம். அந்த எண்ணம் இன்னும் போகவில்லை.

நாடு திரும்பியதும் கடியப்பட்டணத்தில் மரியதாசன் மனைவி ஸ்டெல்லாவிடம் எல்லாம் சொன்னேன். பம்ப் அறையில் நான் சொன்ன பதிலையும் சொன்னேன்.

“அவிய தோண்டுனதுல வெள்ளம் ஊறிச்சா?”

“ஊறிச்சு.”

“நீங்க குடிச்சியளா அண்ணே?”

“குடிச்சேன்.”



வெளியே வந்தவர்கள் நாற்பத்தொரு பேர். படையைக் கடந்து உயிரோடு போனவர்கள் இருபத்தாறு. குண்டில் ஆறு. தாகத்தில் எட்டு, அதில் ஐந்து பிள்ளைகள். துப்பாக்கிக்கு ஒருவன். ஊருக்குள் எத்தனை பேர் செத்தார்கள் என்று எண்ண யாரையும் விடவில்லை. ஷேக் உயிரோடு இருக்கிறாரா, தெரியாது. மரியதாசனைப் பள்ளத்திலேயே புதைத்தோம். செத்த பதினைந்து பேரில் நான்கு பேர் பெயர்தான் எனக்குத் தெரியும்.