சாட்சி: இராஜம்மா

ராத்திரி மணி மூன்று பத்து. கிள்ளான் துறைமுகச் சாலை. ஒரு லோரிகூட இல்லை... அந்தச் சாலைக்கும் அப்படி ஒரு நேரம் உண்டு. சிரிக்காதே வாசு, இது உன் மச்சான் திருச்செல்வத்தின் கதைதான். பாதியில் எழுந்து ஓடாமல் இருந்தால் சரி.

திருச்செல்வத்துக்குச் சின்ன வயதிலிருந்தே ஆஸ்துமா. ராத்திரி மூச்சு இழுத்தால் தானே காரை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போவார். "கேஸ் வைக்கணும்" என்பார். முகமூடி மாட்டி, புகையாக மருந்து கொடுப்பார்கள். நெஞ்சில் 'கீ... கீ...' நின்றதும் கிளம்பிவிடுவார். இருக்கச் சொன்னால் கேட்கிற ஆளா? ஆறு மணிக்கு லோரி எடுக்க வேண்டும்.

அன்றும் அப்படித்தான். தாதி மலர்விழி திட்டினாள்.

"அண்ணே, சத்தம் நின்னா நல்லாயிடுச்சுன்னு அர்த்தம் இல்ல. காத்தே உள்ள போகலன்னாலும் சத்தம் வராது. டாக்டர் பார்க்கிற வரைக்கும் இருங்க லா."

"எனக்குத் தெரியாதா மிஸ்ஸி? இருபது வருஷமா கேஸ் வைக்கிறேன்."

சொந்தப் பொறுப்பில் போகிறேன் என்று எழுதிக் கொடுக்கும் பாரத் தாளை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். கீழே சாட்சிக்கு ஒரு கோடு. கூட வந்தவர் யாரும் இல்லை. என்ன செய்வதென்று முழித்தார்.

"கொடு தம்பி, நான் போடுறேன்."

பக்கத்து நாற்காலியில் ஒரு அம்மா. முகத்தில் அதே முகமூடி. எப்போது வந்து உட்கார்ந்தார் என்று திருச்செல்வம் கவனிக்கவில்லை. அந்த அம்மா கையெழுத்துப் போட்டதும், பாரத்தை மேசையில் வைத்துவிட்டு வெளியே வந்தார்.

துறைமுகச் சாலையில் கார் ஓடியது. ஜன்னலெல்லாம் ஏற்றியிருந்தது. இரண்டாவது சிக்னல் தாண்டியதும்... கீ... கீ...

சனியன், திரும்பவும் இழுக்கிறதே என்று நெஞ்சைத் தடவினார். கூடவே ஒரு வாடை... ஈரமான பிளாஸ்டிக் வாடை, அந்த முகமூடியின் வாடை. என்னமோ தோன்றி, மூச்சை அடக்கிப் பார்த்தார்.

கீ... கீ... கீ...

பின் சீட்டிலிருந்து.

அவர் திரும்பவில்லை. ஐயோ, எப்படித் திரும்புவார்? திடீரென்று சத்தம் நின்றது. காதுக்குப் பக்கத்தில் ஒரு குரல்.

"நின்னுடுச்சு தம்பி... நல்லாயிடுச்சு. வா, வீட்டுக்குப் போலாம்."

முருகா என்று கத்த வாயைத் திறந்தார். குரல் வரவில்லை. பயத்தால்தான் என்று நினைத்தார். அப்புறம்தான் உறைத்தது... காற்றே உள்ளே போகவில்லை. அவர் நெஞ்சிலும் சத்தம் இல்லை. மலர்விழி சொன்னது ஞாபகம் வந்தது. காரைத் திருப்பினார். சிக்னல் சிவப்பா பச்சையா, எதையும் பார்க்கவில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் சுருண்டு விழுந்தவரை உள்ளே தள்ளிக்கொண்டு ஓடினார்கள். நூலிழையில் பிழைத்தார்.

விடிந்ததும் மலர்விழி வந்தாள். முகம் வெளுத்திருந்தது. கையில் அந்தப் பாரத் தாள்.

"அண்ணே, இதுல யாரு சாட்சி போட்டது?"

"பக்கத்துல இருந்த அம்மா."

"உங்க பக்கத்துல யாருமே இல்லண்ணே." பெயரைக் காட்டினாள். இராஜம்மா. "போன வருஷம் இவங்களும் சத்தம் நின்னுடுச்சுன்னு எழுதிக் கொடுத்துட்டுத்தான் போனாங்க. வீடு போய்ச் சேரல."

அவள் அதோடு நிறுத்தவில்லை. "இதையும் பாருங்க..." என்று இன்னொரு கையில் இருந்த புதுப் பாரக் கட்டைப் புரட்டினாள். ஒன்று, இரண்டு, பத்து... எதிலும் நோயாளியின் பெயர் இல்லை. இன்னும் எழுதவில்லை.

அதே சாட்சிக் கையெழுத்து மட்டும் எல்லாவற்றிலும் போட்டிருந்தது.